இருபது நிமிடத் தீர்ப்பா, மெழுகுக் கட்டியின் தீர்ப்பா?

மாதவிடாய் நின்று பல வருடங்களான ஒரு பெண்ணுக்குத் திடீரென்று உதிரம் பட்டால், அவர் பயந்துபோய் மருத்துவரிடம் வந்துவிடுவார். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே பிடிபடுவதற்கு இதுதான் காரணம். கருப்பையையும் சினைக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் அதிகம் சண்டை இல்லை. இடுப்புக்கூட்டுக்குள் இரத்தக் குழாய்களை ஒட்டிக் கிடக்கும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுப்பதா, விடுவதா என்பதில்தான் சண்டையெல்லாம்.

எல்லோருக்கும் எல்லாக் கணுக்களையும் எடுத்துவிடலாம் என்பது பழைய வழி. அதன் செல்வாக்கு 2008-இலும் 2009-இலும் சரிந்தது. முதலில் இத்தாலியில் 514 பெண்களைக் கொண்ட ஆய்வும், அடுத்து 1,408 பெண்களைக் கொண்ட ‘ஆஸ்டெக்’ ஆய்வும் வெளிவந்தன. ஆரம்ப நிலையில் கணுக்களை மொத்தமாக எடுத்ததால் ஆயுள் கூடவில்லை என்றே இரண்டும் சொல்லின. ஆயுள் கூடாவிட்டாலும் கால் வீங்கியது. நிணநீர் வடிய வழியில்லாமல் மாலைக்குள் செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் பருத்துப்போகும். அறுவை முடிந்து வருடங்கள் கழித்தும் இது தொடரும். ஆனால் ஒன்றையும் தொடாமல் தைத்து மூடிவிட்டால் கணுவில் ஒளிந்திருக்கும் நோய் தெரியாமல் போகும். பிறகு கதிர்வீச்சு வேண்டுமா, கீமோ வேண்டுமா என்று முடிவெடுக்கவும் பிடி இருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருவது ஃப்ரோஸன் செக்‌ஷன் எனப்படும் உறைதிசுப் பரிசோதனை. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பை ஆய்வகத்துக்குப் போகிறது. நோயியல் மருத்துவர் அதை நீளவாக்கில் பிளந்து, கட்டியை அளவுகோலால் அளக்கிறார். அது தசைச் சுவருக்குள் எங்கே அதிக ஆழம் இறங்கியிருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் தேடி, அந்த இடத்திலிருந்து ஒரு துண்டை வெட்டுகிறார். அதைக் கிரையோஸ்டாட் என்ற உறைகருவியில் ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, மெல்லிய ஏடாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அறுவை அரங்குக்குச் சொல்லியனுப்புகிறார். எல்லாம் ஏறக்குறைய இருபது நிமிடம்.

இந்த முறைக்கு அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில் நீண்ட வேர் உண்டு. 1905-இல் அங்கே சேர்ந்த லூயி வில்சன், மினசோட்டாவின் குளிர்காலத்தைப் பயன்படுத்திச் சன்னலுக்கு வெளியே திசுவை உறையவைத்துப் பார்த்தார் என்பார்கள். அதே மேயோவின் மருத்துவர்கள்தான் 2000-இல் இந்தப் புற்றுநோய்க்கு ஓர் அளவுகோலையும் தந்தார்கள். சாதாரண வகைக் கட்டி, முதல் அல்லது இரண்டாம் தரம் (செல்கள் இயல்பிலிருந்து மிகவும் விலகாதது), தசைச் சுவரில் பாதிக்கு மேல் இறங்கவில்லை, விட்டம் 2 செ.மீ.க்குள் என்றால் கணுக்களைத் தொட வேண்டாம். அப்படிப்பட்ட பெண்கள் ஒருவருக்கும் கணுவில் நோய் காணப்படவில்லை. உறைதிசு முடிவும், பிறகு திசுவை மெழுகில் பதித்துப் பார்க்கும் இறுதி முடிவும் முரண்பட்டு, அறுவைத் திட்டமே மாறியிருக்க வேண்டும் என்ற நிலை 784 பெண்களில் 1.3 சதவீதத்தினருக்குத்தான் வந்தது என்று 2012-இல் அவர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா மருத்துவமனையிலும் இப்படித்தான் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். 2006-இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், 60 பெண்களிடம் ஆழம் ஒத்துப்போனது 67 சதவீதம். தரம் ஒத்துப்போனது 58 சதவீதம். பரிசோதனையின் பெயர் ஒன்றுதான், ஆனால் கைகள் வேறு. உறையும்போது பனிப்படிகங்கள் திசுவில் ஓட்டை போடுகின்றன. தசைக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கும் உட்சவ்வுத் தீவுகளில் புற்று பரவியிருந்தால், அது ஆழ ஊடுருவல்போலவே தெரியும். ஒற்றைச் செல்களாகச் சிதறி இறங்கும் வகையோ கண்ணில் படாமலே நழுவிவிடும். இருபது நிமிடத்தில் ஓரிரு துண்டுகளைத்தான் பார்க்க முடியும். மெழுகில் பதித்தால் முழுவதையும் நிதானமாகப் பார்க்கலாம். மறுபடி மறுபடி பார்க்க முடியாத அந்த அவசரத்தில், தினமும் இதையே செய்பவரின் கண்ணுக்கும் மாதம் ஒருமுறை செய்பவரின் கண்ணுக்கும் வித்தியாசம் பெரிது. மறுபடி பார்த்தால் அதே முடிவு வரும் என்ற உறுதி குறைவு, இறுதிப் பரிசோதனைக்கும் இடைஞ்சல் என்று சொல்லி, தசை ஆழத்தை அளக்க உறைதிசுவை ஊக்குவிப்பதில்லை என 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் எழுதிவிட்டது.

முன்கூட்டியே எம்ஆர்ஐ எடுத்து ஆழத்தைப் பார்க்கலாம். நல்ல துணைதான், ஆனால் தரத்தை அது சொல்லாது.

உறைதிசுவுக்கு இன்றைய நிஜப் போட்டி சென்டினல் கணு. கருப்பை வாயில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஊசியில் ஏற்றிவிட்டு, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், நிணநீர் முதலில் போய்ச்சேரும் கணு இருட்டில் பச்சையாக ஒளிர்கிறது. அதை மட்டும் எடுத்தால் போதும். பிறகு அதை மெல்லிய ஏடுகளாகச் சீவிச் சிறப்புச் சாயமும் ஏற்றிப் பார்ப்பதால், 2 மி.மீ.க்கும் குறைவான படிவுகூட அகப்படும். 2017-இல் வெளிவந்த ‘ஃபயர்ஸ்’ ஆய்வில், கணுவில் நோய் இருந்து சாயமும் பிடித்த 36 பேரில் 35 பேரை இது கண்டுபிடித்தது. ஆனால் முடிவு வர நாளாகும். நோயாளி அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்.

என்னைக் கேட்டால், பச்சைக் கேமராவும் பழகிய கையும் உள்ள இடத்தில் சென்டினல்தான். காத்திருப்பதில் நஷ்டம் குறைவு. தவறாக எடுத்த கணுவைத் திருப்பி வைக்க முடியாது. கட்டியின் மரபணு வகையும் இன்று முக்கியம். ஃபீகோ என்ற உலக மகப்பேறு, பெண்நோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 நிலைப்படுத்தலில், புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் பிறழ்வு உள்ள கட்டி, தசையில் சற்றே இறங்கியிருந்தாலும் கூடுதல் நிலைக்கு ஏறிவிடும். அதை இருபது நிமிட ஏட்டில் பார்க்க முடியாது. முதல் பயாப்ஸியிலேயே பார்த்துவைத்திருக்கலாம். கேமரா இல்லாத ஊரில், அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் இருந்தால், உறைதிசு இன்னும் நல்ல வழி. எல்லோருக்கும் எல்லாவற்றையும் வழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டும் எதிரிகள் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஃபயர்ஸ் ஆய்வில் இருபுறமும் பச்சை தெரிந்தவர்கள் 52 சதவீதத்தினரே. தெரியாத பக்கத்தை முழுவதும் எடுப்பது விதி. ஆனால் அங்கே கருப்பையை உறையவைத்துப் பார்த்து, சிறிய, ஆழமில்லாத, தாழ்ந்த தரக் கட்டி என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தை விட்டுவிடும் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “டாக்டர், ஒரு பக்கம் சாயம் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?”