கௌரிக்கு உதவாத கன்சோலாஸ்

புதுக் கணினி வாங்கிய தம்பி ஒருவர், "அண்ணா, நீங்கள் இன்னமும் கன்சோலாஸ்தானா? அதைவிட நல்ல எழுத்துருக்கள் வந்துவிட்டனவே" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலை முழுவதும் ஒரு மளிகைக் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில் நிரலோடு மல்லுக்கு நின்றிருந்தேன். அந்தச் சூடு இதிலும் இருக்கும்.

கன்சோலாஸில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது தெரிந்த கதை. எழுத்துரு வடிவமைப்பாளர் லூகாஸ் டி க்ரோட் வரைந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. வேர்டில் பல ஆண்டுகள் நாம் பார்த்துச் சலித்த காலிப்ரியும் அவர் வரைந்ததுதான். நான் இதில் குடியேறியதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து: சுழியம்.

வங்கிக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 இடங்கள். ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம்தான் வரும். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அங்கே ஆங்கில ‘ஓ’வைத் தட்டிவிட்டு, பணம் போகவில்லை என்று என்னை அழைப்பார்கள். வேறு எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிய, நானும் திரையை வெறித்துக்கொண்டிருப்பேன். கன்சோலாஸில் சுழியத்தின் வயிற்றில் குறுக்காக ஒரு சாய்கோடு. ஒரு பார்வை போதும். ஒன்று, சிறிய ‘எல்’, பெரிய ‘ஐ’ என்ற மூன்று குச்சிகளையும் அப்படித்தான் அடையாளம் காட்டும். கோட்டு முனைகளில் வாலில்லாத எழுத்துரு என்று பெயர் இருந்தாலும், ஒல்லியான ‘ஐ’க்கும் ‘எல்’லுக்கும் பாதம் வைத்து அகலத்தை நிரப்பியிருக்கிறார், பருத்த ‘எம்’மை இடுப்பைப் பிடித்து ஒடுக்கியிருக்கிறார். ஒடுக்கிய தழும்பே தெரியாது. கூரியர் நியூவில் 55 எழுத்துகள் பிடிக்கிற வரியில், அதே அளவில், இதில் 60 பிடிக்கும்.

ஒரு குறை உண்டு. திரையில் எழுத்தின் விளிம்பை மழமழப்பாக்கும் விண்டோஸின் கிளியர்டைப் வசதியை மனத்தில் வைத்தே வரைந்த எழுத்துரு இது. கல்லாப்பெட்டி அருகே தூசி படிந்து கிடக்கும் பழைய திரையில் அந்த வசதியை யாரோ அணைத்து வைத்திருந்தால், எழுத்து நோஞ்சானாகப் பிசிறடிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது தமிழ்தான். கன்சோலாஸில் தமிழ் எழுத்துகளே இல்லை. இலத்தீன், கிரேக்கம், சிரிலிக் வரை வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தமிழ் வந்தால் விண்டோஸ் வேறோர் எழுத்துருவை, பெரும்பாலும் நிர்மலாவை, இரவல் வாங்கி ஒட்டுகிறது. அதற்கு ஒரே அகலம் என்ற கட்டுப்பாடு கிடையாது. "கொத்தமல்லி" நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்துக் குறி. அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முப்பது பைட். நிரல் பத்து என்று எண்ணி இடைவெளி விடுகிறது, திரை தன் விருப்பத்துக்கு நீட்டுகிறது, விலைப் பத்தி பாம்பாக நெளிகிறது. நான் பயன்படுத்தும் முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒரு கட்டம்! யூனிகோடு பட்டியலில் இகரக் குறிக்கு ஒரு வகை, ஈகாரக் குறிக்கு வேறொரு வகை என்பதே காரணம். குறிலைவிட நெடில் குறுகிப்போகிற ஊர் அது ஒன்றுதான்.

பில் அச்சாகும் 58 மில்லிமீட்டர் தாளில் வரிக்கு 384 புள்ளிகள், அதாவது 32 எழுத்துகள். அங்கே தமிழைப் படமாக வரைந்து அனுப்புவதால் அச்சில் தப்பித்துக்கொள்கிறேன். திரையில் காட்டும் முன்னோட்டத்தில்தான் மானம் போகிறது. "பில் கோணலா வருமா சார்?" என்று கடைக்காரர் கேட்கிறார். வராது, திரையில் மட்டும் அப்படித்தான் என்று எத்தனை முறை சொல்வது?

இதற்கு எழுத்துருவைத் திட்டுவது நியாயமில்லை. தமிழுக்கு நான் பொறுப்பு என்று அது எங்கும் சொல்லவில்லை. ‘ர’வையும் ‘ணை’யையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்று காற்றாடும், மற்றது மூச்சுத் திணறும். நம் தட்டச்சுப்பொறி புள்ளியை, தட்டினாலும் தாள் நகராத விசையில் வைத்து ஒருவழியாகச் சமாளித்தது. திரைக்கு அப்படி யாரும் மெனக்கெட்டு நான் பார்க்கவில்லை.

என் எரிச்சலின் உண்மையான வேர் வேறு. அன்று காலை "கௌரி ஸ்டோர்ஸ்" கணக்கைத் தேடினேன்; இல்லை என்றது. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று பதிந்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் சுழியமும் ‘ஓ’வும் இவைதாம். க்ரோட் ஒரு சாய்கோட்டில் முடித்த வேலையை எனக்கு ‘கௌ’வில் முடித்துத்தர ஒருவரும் இல்லை. அந்தச் சாய்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது பொறாமைதான் வருகிறது.

தம்பிக்கு என்ன சொல்வது? எண்களோடும் ஆங்கில நிரலோடும் மட்டும் வாழ்பவருக்கு இதைவிட நம்பகமான துணையை நான் கண்டதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொன்னேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். கௌரி ஸ்டோர்ஸ் கணக்கில் இன்னும் நாற்பது பெயர்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.