பட்ஜிகளுக்குக் காலனியா, ஜோடிக் கூண்டா?

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற பட்ஜிகள் அடித்துக்கொண்டால், "ஆணுக்கு ஆண் ஆகாது" என்பார்கள். நான் பார்த்தவரை ஆண்கள் கத்துவதோடு சரி. ரத்தம் வரக் கடிப்பது பெட்டைதான். அதுவும் ஜோடிக்காக இல்லை, முட்டையிடக் கட்டிவிடும் பானைக்காக.

காலனி முறையில் ஒரே பெரிய கூண்டில் பல ஜோடிகள். செலவு குறைவு, சுத்தம் செய்வதும் ஒரே வேலை. ஆஸ்திரேலியாவின் வறண்ட காடுகளில் கூட்டமாகத் திரிந்து, அடுத்தடுத்த மரப்பொந்துகளில் முட்டையிடும் பறவை இது. கூட்டத்தின் சத்தம் கேட்டால்தான் முட்டைக்கே சீக்கிரம் தயாராகும். ஆனால் அங்கே தோற்ற பெட்டை வேறு மரம் தேடிப் பறந்துவிடும். மூன்றடிக் கூண்டில் எங்கே போகும்?

ஐந்து ஜோடிக்கு ஐந்து பானை வைத்து, கணக்கு சரி என்று இருந்தேன். மேல் மூலைப் பானை மீது இரண்டு பெட்டைகளுக்குக் கண். ஒருநாள் காலை அந்தப் பானை வாயெல்லாம் ரத்தம். உள்ளே மூன்று குஞ்சுகள் தலை கொத்தப்பட்டுக் கிடந்தன. தாய் ஒரு விரல் போய், தினைத் தட்டுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் புரிந்தது: ஜோடிக்கு இரண்டு பானை வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். பறவைகளை ஒரே நாளில் விட வேண்டும், நடுவில் புது ஜோடி சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், துணையில்லாத பெட்டை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஆண் செத்துப்போனால் அன்றைக்கே அந்தப் பெட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். பாவம் பார்த்தால் பக்கத்துப் பானைக் குஞ்சு போய்விடும்.

ஜோடிக் கூண்டில், இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம் போதும், இந்தத் தொல்லையே கிடையாது. எந்தக் குஞ்சு யாருடையது என்பதிலும் குழப்பமில்லை. அதற்காகச் சண்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். முட்டை 18 நாளில் பொரிக்கும், குஞ்சு ஐந்தாவது வாரத்தில் பானையை விட்டு இறங்கும். அதற்குள் தாய் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். திரும்பப் பானைக்குள் நுழையும் குஞ்சை முதுகு இறகு பிய்த்துத் துரத்தும். குஞ்சு தானே தினை உரித்துத் தின்றால் உடனே பிரித்துவிடலாம். இல்லையென்றால் குஞ்சுகளோடு ஆணையும் வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், மிச்ச நாளுக்கு அதுவே ஊட்டிவிடும்.

தனியாக ஒரே ஜோடி என்றால் முட்டையிடாமல் சும்மாவே உட்கார்ந்திருக்கும் என்பது இன்னொரு குறை. நாலைந்து கூண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் அது தீர்ந்துவிடும். ஆனால் ஒட்டி வைக்காதீர்கள், கம்பி வழியாகக் காலைக் கடித்துவிடும். ஒரு சாண் இடைவெளி போதும்.

என் ஓட்டு ஜோடிக் கூண்டுக்கே. பழைய காலனிக் கூண்டை ஓய்வுக் காலத்துக்கு வைத்திருக்கிறேன், பானை இல்லாமல். மூலைப் பானைக்கு மல்லுக்கு நின்ற இரண்டு பெட்டைகளும் இப்போது அதில் ஒரே குச்சியில் உட்கார்ந்து ஒரே கணவாய் மீன் ஓட்டைக் கொறிக்கின்றன.