அகராதியில் ஓடும் சாம்ராஜ்யம்: குவாங்கின் ‘பாபேல்’

ஆர். எஃப். குவாங்கின் ‘பாபேல்’ 2022இல் வெளிவந்து, சிறந்த நாவலுக்கான நெபுலா விருதும் வாங்கியது. களம் 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. ஐந்து பாகம், 500 பக்கத்துக்கு மேல். முதல் 100 பக்கத்துக்குள் மூடி வைத்துவிடத் தோன்றும். அதற்குக் காரணம் ஆங்கில நடை அல்ல, நடை எளிமையானதுதான். இந்தக் கதையில் மந்திரம் நடப்பது வெள்ளி உலோகத்தால்; அது எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் கல்லூரிக் கதை மாதிரி ஆகிவிடும்.

விதி இதுதான். வெள்ளிக்கட்டியின் ஒரு முகத்தில் ஒரு மொழிச் சொல், மறுமுகத்தில் வேறு மொழியில் அதன் பெயர்ப்பு. பெயர்க்கும்போது எந்த அர்த்தம் நழுவுகிறதோ, அதை வெள்ளி நிஜமாகவே நடத்திக் காட்டும். தொடக்கத்தில், சீனாவின் காண்டன் நகரில் காலரா கண்டு கிடக்கும் சிறுவனைப் பிழைக்கவைப்பது ‘ட்ரியாக்கிள்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லும் ‘ட்ரீக்கிள்’ என்ற ஆங்கிலச் சொல்லும். ட்ரீக்கிள் இன்றைக்கு வெறும் வெல்லப்பாகு. மூலத்திலோ விஷமுறிவு மருந்து. நழுவிய அந்த மருந்துதான் பையனைக் காப்பாற்றுகிறது. ‘ஊடல்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துத் தோற்றவர்களுக்கு இது அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தச் சொற்களை உச்சரிக்கிறவருக்கு இரண்டு மொழியும் கனவு காணும் அளவுக்கு ஊறியிருக்க வேண்டும். ஐரோப்பிய மொழிகளோ ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கி நெருங்கிக்கொண்டே போவதால், நழுவுவதற்கு மிச்சம் குறைந்துவிட்டது. காண்டன், கல்கத்தா, ஹைட்டியில் பிறந்த பிள்ளைகள், ‘பாபேல்’ எனப்படும் ஆக்ஸ்ஃபோர்டின் மொழிபெயர்ப்புக் கோபுரத்துக்கு ஏன் தேவைப்படுகிறார்கள் என்பது இதில் இருக்கிறது.

கொஞ்சம் நிஜ வரலாறு கைவசம் இருந்தால் நல்லது. சீனத் தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக்கொடுத்த பிரிட்டன், வங்காள அபினை விற்று அதைத் திரும்ப உறிஞ்சியது. 1833 சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் முடிந்தது. 1839இல் சீன அதிகாரி லின் ஸெஷு 20,000 பெட்டிக்கு மேல் அபினை அழித்தார். அதையொட்டி மூண்ட முதல் அபினிப் போர் 1842வரை நீண்டது. நாவலில் அதே வெள்ளிதான் மந்திரத்துக்கும் மூலப்பொருள் என்பதால், இந்தக் கணக்கு தெரியாமல் பின்பாதியின் அவசரம் புரியாது.

அடிக்குறிப்புகள் இரண்டு வகை. சொல்வரலாறு சொல்பவற்றை விடக்கூடாது. நாவலின் உண்மையான ருசி அங்கேதான். இது இனவெறி, இது அநியாயம் என்று விளக்குபவற்றைத் தாண்டிப் போகலாம், காட்சியிலேயே அது தெரிகிறது. அச்சுப் புத்தகமே வசதி, குறிப்பு அதே பக்கத்தின் அடியில் கிடைக்கும். மின்நூலில் தொட்டுத் தொட்டுத் திரும்புவதற்குள் வாக்கியம் அறுந்துவிடும். ஒலிநூலில் குறிப்புகளை வேறொரு குரல் வாசிக்கிறது, குழப்பமில்லை. ஆனால் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் கண்ணால் பார்க்க முடியாது.

வகுப்பறைப் பகுதிகள் இழுக்கின்றன. காண்டன் பயணத்துக்குப் பிறகு வேகம் கூடி, கதை நன்றாகவே இருட்டுகிறது; சாவுகள் உண்டு, வசைச் சொற்களும் உண்டு. வாசகர் மேல் நம்பிக்கையில்லாத எழுத்து என்பது முதல் குறை. இரண்டாவதுதான் பெரியது: வண்டி, பாலம், கழிவுநீர்க் கால்வாய் எல்லாம் வெள்ளியில் ஓடும் ஒரு நாடு, நமக்குத் தெரிந்த இங்கிலாந்தைப் போல அப்படியே இருக்கிறது. அவ்வளவு மந்திரம் கையில் இருந்தும், நாடாளுமன்றம் விவாதிப்பது அதே அபினிப் போரைத்தான்.