மெக்சிக்கோவில் குளிர்காலத்துக்கு வாடகை வீடு பார்க்கிறீர்களா? முதலில் இதை வாசியுங்கோ. எங்களுக்கு 4,200 டொலர் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் மனுசியும் மெக்சிக்கோவில், சப்பாலா ஏரிக்கரையில் அஹிஹிக் என்கிற ஊரில், ஒரு விடுதியின் பின்பக்க அறையில் இருக்கிறோம். வந்து இன்றைக்குப் பதினொரு நாள். நாங்கள் மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டிய வீடு இங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அதில் வேறொரு குடும்பம் முப்பது வருடமாகக் குடியிருக்கிறது. 4,200 கனடிய டொலர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கட வயதுக்காரர் சிலர் இப்போது புளோரிடாவை விட்டுவிட்டு மெக்சிக்கோவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னென்ன கவனிக்கவேண்டும் என்று கடைசியில் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் 4,200 டொலர் எவ்வளவு என்று விளங்காது. நான் 1989ல் கனடாவுக்கு வந்தவன். முழு முதியோர் ஓய்வூதியம் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் கனடாவில் இருந்திருக்கவேண்டும், எனக்கு அது இல்லை, ஆகவே வருவது வெட்டிய காசு. அந்தக் கணக்கில் 4,200 டொலர் எனக்குக் கிட்டத்தட்ட ஏழு மாத முதியோர் ஓய்வூதியம். தொழிற்சாலையில் 27 வருடம் நின்றே வேலை செய்தவனுக்கு வேறு பெரிய வருமானம் ஒன்றும் இல்லை.

பிறகேன் மெக்சிக்கோ என்று கேட்பீர்கள். மனுசிக்கு முழங்கால் வருத்தம். போன மாசியில் வாசல் ஐஸில் வழுக்கி விழுந்து ஆறு கிழமை நடக்க முடியாமல் இருந்தாள். குளிருக்கு ஊருக்குப் போய்வரலாமே என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் விமானம் மாறி மாறி ஒரு நாளுக்கு மேல் காலை மடக்கிக்கொண்டு இருக்க அவளால் ஏலாது. மெக்சிக்கோ சிற்றி வரை ஐந்து மணித்தியாலம்தான். கோயிலில் பழக்கமான ஒரு அண்ணை இரண்டு குளிர்காலம் இந்த ஏரிக்கரையில் இருந்துவிட்டு வந்து சொன்ன கதைதான் எங்களை இழுத்தது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் உயரம், தை மாதத்தில் பகலில் 24 பாகை, இரவில் ஒரு சுவெற்றர் போட்டால் போதும், புழுக்கம் இல்லை, புதன்கிழமைச் சந்தையில் பப்பாசி, கொய்யா, சவ்சவ் எல்லாம் குவிந்து கிடக்கும் என்றார். (சவ்சவ்வின் சொந்த ஊரே இந்தப் பக்கம்தானாம். இங்கே அதற்கு சயோத்தே என்று பேர்.) ஒரு கனடிய டொலருக்கு 13 பெசோ அளவில் வரும். ஒன்ராறியோ சுகாதார அட்டைக்காரர் 12 மாதத்தில் 212 நாள் வரை வெளியே நிற்கலாம். எல்லாம் கணக்குப் போட்டால், வீட்டுக்கு ஹீட்டருக்கும் காருக்கும் கட்டுகிற காசு மிச்சம், சமாளிக்கலாம் என்றுதான் தோன்றியது. அண்ணை சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். பிழை விட்டது நான்.

வீட்டை இணையத்தில் பிடித்தேன். எந்தத் தளம் என்று எழுதப்போவதில்லை, வாடகைக்கு விடுகிறவர்கள் தாங்களே விளம்பரம் போடுகிற வகை. இரண்டு அறை, படி இல்லை, சின்ன முற்றம், முற்றத்தில் நீலத் தொட்டியில் ஒரு எலுமிச்சை மரம். மாதம் 1,100 டொலர். மற்ற வீடுகள் எல்லாம் அந்தப் பருவத்துக்கு 1,700, 2,000 என்று இருந்தன. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை கனடாக்காரரும் அமெரிக்கரும் வந்து நிறைகிற காலம், வாடகை ஏறுகிற காலம். அப்போதே மணி அடித்திருக்கவேண்டும். எனக்கு அடிக்கவில்லை. கூத்தடிக்கிற ஆட்கள் வேண்டாம், அமைதியான வயதான தம்பதி வந்தால் காசைக் குறைத்துத் தருவேன் என்று வீட்டுக்காரி என்று சொல்லி விளம்பரம் போட்ட பெண் எழுதியிருந்தாள். எங்களைப் பார்த்து எழுதினதுபோல இருந்தது.

நான் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. அடையாள அட்டை கேட்டேன், பாஸ்போட் படம் அனுப்பினாள். முகவரி கேட்டேன், தந்தாள், வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், அதே வாசல், அதே கதவு. வீடியோவில் வீட்டைக் காட்டச் சொன்னேன், எடுத்து அனுப்பினாள். நேரே அழைத்துக் காட்டச் சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பிறகும் எனக்குள் ஒரு யோசனை இருந்தது, மனுசியும் "இஞ்சாருங்கோ, பொறுத்துச் செய்யுங்கோ, பிள்ளையிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ" என்றாள். அடுத்த நாள் காலை அந்தப் பெண்ணே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். உங்கள் மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்று சொன்னீர்கள், என் அம்மாவுக்கும் அதேதான், நீங்கள் வருவதற்குள் குளியலறைச் சுவரில் ஒரு கைபிடி போட்டுவைக்கிறேன், எந்தப் பக்கக் கால் என்று சொல்லுங்கள், அந்தப் பக்கம் போடச் சொல்கிறேன் என்றாள்.

எந்தப் பக்கக் கால் என்று கேட்டாளே, அதில்தான் நான் விழுந்தேன். சொந்தப் பிள்ளைகள் கேட்காத கேள்வி. இடது கால் என்று பதில் எழுதினேன், நன்றி என்றும் எழுதினேன், கும்பிடுகிற கை படம் ஒன்றும் போட்டேன்.

காசு அனுப்புவதற்கு, மெக்சிக்கோ வங்கிக்கு அனுப்பினால் கட்டணம் வீண், கனடாவில், கல்கரியில் தங்கச்சி இருக்கிறாள், அவளுக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் (வங்கிக் கணக்கிலிருந்து ஈமெயில் வழியாகக் காசு அனுப்புவது) செய்யுங்கள் என்றாள். தங்கச்சியின் பேர் வேறு மாதிரி இருந்தது. கேட்டேன். கல்யாணம் கட்டின பேர் என்றாள். மூன்று மாதத்துக்கு 3,300, சேதத்துக்கு வைப்பு 900, மொத்தம் 4,200 டொலர். என் வங்கியில் ஒரு நாளைக்கு 3,000தான் அனுப்பலாம், ஆகவே முதல் நாள் 3,000, மறுநாள் 1,200. நடுவில் ஒரு முழு இரவு கிடைத்தது. அந்த இரவில் மகனிடம் கேட்டிருந்தால் 1,200 ஆவது மிஞ்சியிருக்கும். நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

தை (ஜனவரி) 6ஆம் திகதி வந்து இறங்கினோம். மெக்சிக்கோ சிற்றியில் குடிவரவு அதிகாரி எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டபோது, அச்சடித்து வைத்திருந்த முகவரியைப் பெருமையாக நீட்டினேன். 90 நாள் கேட்டேன், எழுதித் தந்தார். பிறகு குவாதலஹாரா, அங்கிருந்து டாக்சி. கல் பதித்த தெருவில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா திறந்தார். நாங்கள் தாளைக் காட்டினோம். அவர் தாளைப் பார்க்கவே இல்லை, எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு மனுசியின் காலைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். பேரன் ஃபோனில் ஸ்பானிய மொழியில் சொல்ல அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது: நீங்கள் இந்தப் பருவத்தில் மூன்றாவது.

வாசல் மட்டும்தான் அந்த வீடு. உள்ளே முற்றமும் இல்லை, நீலத் தொட்டியும் இல்லை, எலுமிச்சை மரமும் இல்லை. மகனுக்கு அழைத்துச் சொன்னேன். விளம்பரப் படத்தைக் கூகிளில் போட்டுத் தேடினான். வேறெங்கோ விற்பனைக்குப் போட்ட ஒரு வீட்டின் படங்கள். "அப்பா, ரெண்டு நிமிசம்தான் எடுத்தது" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, ஆனால் அந்த ரெண்டு நிமிசம் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அன்றைக்கு இங்கே மூன்று ராசாக்கள் திருநாள். அந்த அம்மா எங்களை நிற்கவிடவில்லை, கதிரை போட்டு, மோதிரம்போல வட்டமான ஒரு இனிப்புப் பாணில் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தார். மனுசியின் துண்டுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குழந்தை இருந்தது. வீடே சிரித்தது. குழந்தை யாருக்கு வருகிறதோ அவர் மாசி (பெப்ரவரி) 2ஆம் திகதி எல்லோருக்கும் தமாலே கொடுக்கவேண்டுமாம், சோளமாவை மடலில் பொதிந்து அவிக்கிற சாமான், எங்கட இலை அடைக்குத் தூரத்துச் சொந்தம். 4,200 டொலர் போன அன்றைக்கே கடனும் ஏறியது. "தமிழரிட்டைத் தமாலே கேக்கினம்" என்று மனுசி சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அந்தப் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

இனி இந்தத் தட்டிக்கழித்த கதை. முதலில் தளத்துக்காரர். எழுதினேன், பொறி பதில் சொன்னது. திரும்ப எழுதினேன், ஒரு ஆள் வந்தார், உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்றார். அனுபவமா இது? மூன்றாம் முறை வேறொரு ஆள், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். கடைசியில் வந்த பதில், நீங்கள் எங்கள் தளத்துக்கு வெளியே காசு கட்டியிருக்கிறீர்கள், நாங்கள் விளம்பரம் போட இடம் கொடுப்பவர்கள் மட்டுமே. அதற்கு அடுத்த ஈமெயிலில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வங்கிக்கு அழைத்தேன். 50 நிமிடம் பாட்டுக் கேட்டேன், வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில். நீங்களே விரும்பி அனுப்பியிருக்கிறீர்கள், பெற்றவர் தன் கணக்கில் தானாக விழும்படி வைத்திருக்கிறார், விழுந்தது விழுந்ததுதான், திருப்ப முடியாது. யாருடைய கணக்கு என்று கேட்டால் தனியுரிமையாம். என் 4,200 டொலருக்கு இல்லாத காவல் அவளுடைய பேருக்கு இருக்கிறது. கனடாப் பொலிஸ் ஒரு இலக்கம் தந்தது, வீடு மெக்சிக்கோவில் என்பதால் அங்கே முறைப்பாடு செய்யுங்கள் என்றது. இங்கே முறைப்பாடு எடுக்கிற அலுவலகத்துக்குப் போனால், காசு கனடாவிலிருந்து கனடாவுக்குத்தானே போயிருக்கிறது, அங்கே செய்யுங்கள் என்கிறார்கள், அதுவும் நாங்கள் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தரம் போன பிறகு. வீடு இங்கே இருக்கும்போது இது எப்படிக் கனடா விசயம் மட்டும் ஆகும் என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி தோளைக் குலுக்கினார்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் இல்லை. மறுநாள் என்னை மறித்துவிட்டாள்.

திரும்பிப் போகவில்லை. ரிக்கெற் மாற்றினால் இன்னும் காசு, அங்கே வாசலில் பனி. கடந்த நாலு நாளாகத் தெருத் தெருவாக நடந்து, கதவுகளில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தட்டிக் கேட்டு, ஏரியின் மேற்குக் கரையில் ஹொகோதெபெக் என்ற ஊரில் ஒரு அறை, ஒரு குசினி கிடைத்திருக்கிறது. மாதம் 8,500 பெசோ, ஏறக்குறைய 650 டொலர். இணையத்தில் 'மலிவு' என்று நான் பிடித்ததைவிடவும் மலிவு, நேரில் நடந்தால்! எலுமிச்சை மரம் இல்லை. குளியலறைக் கைபிடியை நானே வாங்கிப் பூட்டப்போகிறேன், இடது பக்கம்.

சரி, ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொன்னேன், மனுசி பெட்டி கட்டக் கூப்பிடுகிறாள், நினைவில் நிற்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வராமல் மூன்று மாதக் காசு கட்டாதீர்கள். முதல் கிழமை விடுதியில் நில்லுங்கள், நடந்து பாருங்கள், திறப்பு உங்கள் கையில் கதவைத் திறந்த பிறகு காசு கொடுங்கள், அதுவும் மாதா மாதம். முன்பணம் கட்டியே ஆகவேண்டும் என்றால் கடன் அட்டையில், இ-ட்ரான்ஸ்ஃபரில் வேண்டவே வேண்டாம். பேர் ஒன்று கணக்கு வேறொன்று என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். படத்தைக் கூகிளில் போட்டுத் தேடுங்கள், தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள். குறைந்த வருமான உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அது நிற்கும், அதையும் பாருங்கள். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் வரவேண்டாம், ஒன்ராறியோ அட்டை இங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தருவது கொஞ்சம்தான். வேறு என்னவோ சொல்ல இருந்தது, மறந்துவிட்டேன்.

விளம்பரம் இன்று காலையும் இருக்கிறது. மூன்று தரம் முறையிட்டும் எடுக்கவில்லை. பேர் மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, இப்போது மசத்லானாம், கடற்கரையாம், வாடகை 950 ஆக இறங்கியிருக்கிறது. படங்கள் அதேதான். படி இல்லாத வீடு, சின்ன முற்றம், நீலத் தொட்டி, எலுமிச்சை மரம்.