‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ அட்டை: மதுரை மக்களே, உஷார்

வெளிநாட்டுல கார் ஓட்ட ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ எடுத்துத் தர்றோம்னு சொல்லி, ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையை மதுரையில சில ஏஜென்ட்டுங்க வித்துக்கிட்டு இருக்காங்க. ஆனையூர்க் குடும்பம் ஒண்ணு 6,000 ரூபா குடுத்து அதை வாங்கிட்டு துபாய் போயிருக்கு. வாடகைக் கார் கவுன்டர்ல அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, கார் தர முடியாதுன்னுட்டாங்க. முன்கூட்டியே கட்டின வாடகையும் போச்சு. சரியான லைசென்ஸ் காட்டலேன்னா பணம் திரும்பாதுன்னு புக்கிங் நிபந்தனையிலேயே இருக்கு. ஊருக்கு வந்து ஏஜென்ட்கிட்ட கேட்டா, அவர் ரசீதோட அடியில பொடி எழுத்துல இருக்கிற ஒரு வரியைக் காட்டுறார்: ‘இது மொழிபெயர்ப்பு ஆவணம் மட்டுமே’. போலீஸுக்குப் போனாலும் அந்த ஒரு வரியை வெச்சே தப்பிக்கப் பார்ப்பாங்க.

வெளிநாட்டுல ஓட்டுறதுக்கான அசல் ‘இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்’ அட்டை கிடையாது, சின்னப் புத்தகம். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி ஆர்டிஓ மட்டும்தான் அதைக் குடுப்பாங்க. ஒரு வருஷம் செல்லும். அதுக்குள்ள உங்க லைசென்ஸ் முடிஞ்சா பர்மிட்டும் அன்னைக்கே முடிஞ்சுது. ‘மூணு வருஷம் செல்லும், பத்து வருஷம் செல்லும்’னு யாராவது சொன்னா அந்த இடத்துலேயே எந்திரிச்சு வந்துடுங்க.

வாங்குறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. மத்திய அரசோட பரிவாஹன் தளத்துல, லைசென்ஸ் வேலைக்கான சாரதி பக்கம் போயி படிவம் 4ஏ நிரப்பணும். கட்டணம் 1,000 ரூபா. லைசென்ஸ், பாஸ்போர்ட், டிக்கெட் நகலோட உங்க முகவரிக்கு உரிய ஆர்டிஓ ஆபீசுக்குப் போங்க. மதுரையில டிஎன் 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. “விசா கைல இல்லாம ஆர்டிஓ தர மாட்டாங்க, நாங்க பார்த்துக்கிறோம்”ங்கிறதுதான் ஏஜென்ட்டுங்க போடுற முதல் தூண்டில். போய் இறங்கினதும் விசா தர்ற நாடுகளுக்காக அந்த நிபந்தனையை 2021 ஜனவரியிலேயே எடுத்தாச்சு.

புத்தகம் கைக்கு வந்ததும் உள்ள வண்டி வகையைப் பாருங்க. கார்னா ‘பி’, டூவீலர்னா ‘ஏ’. கார் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்கிறவருக்கு ‘ஏ’ல முத்திரை இருக்காது. தாய்லாந்துல அவர் ஸ்கூட்டர் எடுத்து விழுந்தா டிராவல் இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும். பர்மிட் மட்டும் தனியா செல்லாது, அசல் லைசென்ஸும் கூடவே இருக்கணும். கொழும்பு போறவங்களுக்கு நம்ம பர்மிட் மட்டும் போதாது, இலங்கைக்காரங்க அங்கீகாரத்தையும் வாங்கணும்.

அடுத்த அடி, வாடகைக் காருக்குக் கட்டுற டெபாசிட்ல விழும். ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, டெபிட் கார்டை நிறைய இடத்துல வாங்க மாட்டாங்க. கார்டு தேய்க்கும்போது மெஷின்ல ரூபாயா, அமீரகப் பணமான திர்ஹமான்னு கேட்டா திர்ஹம் போடுங்க. ரூபாயில அவங்க வைக்கிற ரேட் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம்தான். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’னு வாயால சொல்லுவாங்க. ஒப்பந்தத்துல பார்த்தா டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் அதுல சேராது. மச்சான் கொஞ்ச தூரம் ஓட்டட்டும்னு சாவியைக் குடுக்கிறதா இருந்தா அவர் பேரையும் ஒப்பந்தத்துல ஏத்துங்க. ஏத்தாம இடிச்சா மொத்தச் செலவும் உங்க தலைலதான்.

வண்டி எடுக்கும்போது பார்க்கிங் இருட்டா இருந்தா வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. பம்பரோட கீழ் விளிம்பு, நாலு வீல் ரிம், சைடு மிரர் வெளிப்புறம், கண்ணாடியில கல்பட்ட புள்ளி: திரும்பி வரும்போது காசு பிடுங்குறது இந்த இடங்கள்லதான். நிறுத்தாம ஒரே வீடியோவா எடுங்க. அதுலேயே நம்பர் பிளேட், கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் வரணும். பழைய கீறல், ஒடுக்கு எதையும் “சின்னது சார், பரவாயில்ல”ன்னு சொல்ல விடாம தாள்ல எழுத வைங்க. அமீரகத்துல போலீஸ் ரிப்போர்ட் இல்லாம கீறலைக்கூட பட்டறையில தொட மாட்டாங்க. அதனால லேசா உரசினாலும் ரிப்போர்ட் எடுத்துடுங்க, இல்லேன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது.

அங்க ரோட்டோட வலது பக்கமா ஓட்டணும். நம்ம ஊர் பழக்கத்துல ரவுண்டானாவுலயும், காலி ரோட்டுல திரும்பும்போதும்தான் கை தானா தப்புப் பக்கம் போகும். துபாய்ல வேக வரம்பு போர்டுக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கேமரா விட்டுக்குடுக்கும். அபுதாபி எல்லைக்குள்ள அந்தச் சலுகையை 2018 ஆகஸ்ட்லயே எடுத்துட்டாங்க. போர்டுல 140னா 140தான். பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையை முன்சீட்டுல உக்கார வெச்சா 400 திர்ஹம்.

வண்டியைத் திருப்பிக் குடுத்ததும் டெபாசிட்டை விட மாட்டாங்க. ஃபைன், சாலிக்ங்கிற துபாய் டோல் கணக்கு வரணும்னு சில வாரம் பிடிச்சு வைக்கிறது அங்க வழக்கம்தான். ஆனா “உங்களுக்கு ரெண்டு ஃபைன் வந்திருக்கு”ன்னு வெறும் வாட்ஸப் மெசேஜை நம்பி ஒத்துக்காதீங்க. தேதி, நேரம், இடத்தோட விவரம் கேளுங்க. வண்டி நம்பரைப் போட்டா துபாய் போலீஸ் தளத்திலேயே ஃபைன் தெரியும். நீங்க வண்டியை விட்ட நேரத்துக்குப் பிந்தின ஃபைன்னா, ஒப்படைச்ச ரசீதையும் வீடியோவையும் சேர்த்து உடனே உங்க கார்டு பேங்க்ல எழுத்து மூலமா புகார் குடுங்க. அதுக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீங்க.