சேலத்திலிருந்து வானிலை அறிவியல் படிப்பு: மெட்எட், ஈரா5, மெட்பை நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் குளிரும் வேறு வேறு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் வானிலைத் தரவுகளில் பல அட்சரேகை, தீர்க்கரேகையில் 0.25 பாகை இடைவெளிக் கட்டங்களாக வருகின்றன. அந்தக் கட்டத்தில் 11.75 வடக்கு, 78.25 கிழக்கு என்ற ஒரே புள்ளிதான் இரண்டு ஊருக்கும் மிக அருகில் உள்ளது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் முன்னறிவிப்பு மாடல், ஐரோப்பாவின் ஈரா5 தொகுப்பு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட மழைத் தரவு மூன்றிலும் இதே நிலைதான். எந்த இணையப் பயிற்சியும் இதை நமக்காகச் சொல்லித் தராது. பயிற்சியில் கற்றதை இந்த மண்ணுக்கு எப்படித் திருத்திக்கொள்வது என்பதுதான் உண்மையான பாடம்.

அடிப்படை அறிவியலுக்கு, அமெரிக்க வளிமண்டல ஆய்வு அமைப்பான யூகாரின் காமெட் பிரிவு நடத்தும் மெட்எட் இணையப் பாடத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பதிவு இலவசம். பாட முடிவில் தேர்வு உண்டு, தேறினால் சான்றிதழ். பாடங்களுக்கு அச்சுப் பதிப்பும் இருப்பதால், மலைமேல் நெட் இழுத்தடிக்கும் நாட்களில் முழுப் பாடத்தையும் ஒரே பக்கமாகத் திறந்து படிக்கலாம். குறை ஒன்றுதான்: பனிப்புயல், குளிர் முகப்பு, உறைமழை என்று நடு அட்சரேகை நாடுகளுக்கான பாடங்களே அதிகம். அவற்றை ஒதுக்கிவிட்டு ஸ்கியூ-டி வரைபடம் (உயரத்தோடு வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறுவதைக் காட்டுவது), வெப்பச்சலனம், செயற்கைக்கோள் படம் வாசித்தல், எண்ணியல் மாடல்கள், வெப்பமண்டல வானிலை என்ற வரிசையில் போனால் நம் ஊருக்குத் தேவையானது கிடைத்துவிடும். ஸ்கியூ-டியில் அவசரப்பட வேண்டாம். அது கைக்கு வராதவரை மற்றவை வெறும் படம் பார்ப்பதுதான்.

கருவிகளில் முதலில் பனோப்ளி. நாசா தரும் இலவச மென்பொருள். ஜாவா இருந்தால் போதும், நெட்சிடிஎஃப், கிரிப், எச்டிஎஃப் ஆகிய வானிலைத் தரவு வடிவ ஃபைல்களைத் திறந்து வரைபடம் போடும். தரவின் அமைப்பு புரிந்தபின் பைத்தான் நிரல்மொழிக்கு வாருங்கள்: கட்டத் தரவைக் கையாள எக்ஸ்அரே, கிரிப் ஃபைலைத் திறக்க சிஎஃப்கிரிப், வானிலைக் கணக்குக்கு மெட்பை. விண்டோஸ் கணினியில் சிஎஃப்கிரிப்புக்குத் தேவையான ஈசிகோட்ஸ் நூலகம் அடிக்கடி மக்கர் செய்யும். கோண்டா-ஃபோர்ஜ் என்ற மென்பொருள் தொகுப்பகம் வழியாக நிறுவினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஜிஎஃப்எஸ் ஃபைலைச் சிஎஃப்கிரிப்பில் அப்படியே திறந்தால் பிழை காட்டும். ஒரே ஃபைலில் பல வகை மட்டங்கள் கலந்திருப்பதே காரணம். தரையிலிருந்து 2 மீட்டர் என்று மட்டத்தை வடிகட்டிக் கேட்டால் திறக்கும். ஒரு முன்னறிவிப்பு நேரத்துக்கான முழு ஃபைல் நூற்றுக்கணக்கான எம்பி. ஜிஎஃப்எஸ் தரவு கிடைக்கும் நோமட்ஸ் தளத்தின் வடிகட்டியில் 8 முதல் 14 வடக்கு, 76 முதல் 81 கிழக்கு என்று கட்டம் போட்டு, வேண்டிய மாறிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் மிகச் சிறிய ஃபைலாக இறங்கும்.

ஈரா5 என்பது முன்னறிவிப்பு அல்ல, கடந்தகால மறுபகுப்பாய்வு: பழைய அளவீடுகளையும் மாடலையும் சேர்த்துக் கட்டிய வானிலை வரலாறு. புதிதாக வருபவர்கள் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1940 முதல் மணிக்கொரு தரவு இருக்கிறது. இன்றைய நிலவரம் சுமார் 5 நாள் கழித்துத்தான் வரும். ஈரா5 கிடைக்கும் கோபர்நிகஸ் தளம் 2024இல் புதுப்பிக்கப்பட்டது. பழைய பயிற்சிக் காணொளிகளில் வரும் முகவரியும், நிரல்வழி இறக்கத் தேவையான சாவியின் அமைப்பும் இப்போது வேலை செய்யாது. ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் உரிம ஒப்புதலை இணையப் பக்கத்தில் ஒருமுறை சொடுக்கியாக வேண்டும். இல்லையென்றால் கோரிக்கை நிராகரிக்கப்படும். நேர அச்சின் பெயரும் மாறியிருக்கிறது, அதனால் பழைய நிரல்கள் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது மழைக் கணக்கில். ஈரா5 மழை மீட்டரில் இருக்கும். 1,000ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். நம் நாட்டில் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதாவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 03 மணி முதல் 03 மணி வரை. ஈரா5இன் ஒவ்வொரு மணி மதிப்பும் அந்த மணி முடியும் நேரத்தைத் தாங்கியிருக்கும். ஆகவே 04 மணி மதிப்பில் தொடங்கி மறுநாள் 03 மணி மதிப்பு வரை 24 எண்களைக் கூட்ட வேண்டும். எக்ஸ்அரேயில் நேரத்தை 4 மணி பின்னுக்குத் தள்ளி நாள்வாரியாகக் கூட்டுவது சுலபம். பிறகு தேதியில் ஒரு நாள் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மழைமானி அளவு வாசித்த நாளின் பெயரில்தான் பதிவாகிறது. இதைச் செய்யாமல் யூடிசி நாளாகவே கூட்டினால், நள்ளிரவு தாண்டியும் கொட்டும் அக்டோபர் மழை இரண்டு தேதிகளில் பிரிந்து, நல்ல தரவும் தப்பாகத் தெரியும். ஈரா5-லேண்ட் தொகுப்பு 0.1 பாகை, சேலமும் ஏற்காடும் அதில் தனித்தனிப் புள்ளிகள். ஆனால் அதில் மழை 00 யூடிசியிலிருந்து சேர்ந்துகொண்டே போகும். மணிவாரி மழை வேண்டுமானால் அடுத்தடுத்த மதிப்புகளைக் கழிக்க வேண்டும். அப்படியே கூட்டினால் மழை பல மடங்கு ஊதிப்போகும்.

வெப்பநிலைக்கு உயரத் திருத்தம் தேவை. ஈரா5 தரும் தரைமட்ட ஜியோபொட்டென்ஷியல் மாறியை (ஈர்ப்பையும் உயரத்தையும் பெருக்கிய அளவு) 9.80665ஆல் வகுத்தால், மாடல் தன் கட்டத்துக்கு வைத்திருக்கும் தரை உயரம் தெரியும். எடுத்துக்காட்டாக அது 500 மீட்டர் என்று வந்தால், ஏற்காட்டோடு வேறுபாடு சுமார் 1,000 மீட்டர், கிலோமீட்டருக்கு 6.5 பாகை செல்சியஸ் வீதம் குறைக்கலாம். பகலில் இது ஓரளவு பொருந்தும். தெளிந்த குளிர்கால இரவில் குளிர்காற்று பள்ளங்களில் தேங்குவதால் கணக்கு தவறும். நமக்கு ஒரு வசதி உண்டு: காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டம் தோராயமாக 1,500 மீட்டரில் இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம். மலைமேல் மூடுபனி, காற்று பற்றி யோசிக்கும்போது தரைமட்ட வரைபடத்தைவிட 850 வரைபடத்தின் ஈரப்பதமும் காற்றுத் திசையுமே நல்ல வழிகாட்டி.

மேலடுக்குக் காற்றை அளக்கும் பலூன் ஆய்வு சேலத்துக்கு நெருக்கமாக இருப்பது பெங்களூரு, காரைக்கால், சென்னை. வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் மூன்றையும் எடுக்கலாம். தூரத்தில் பெங்களூருதான் அருகில், ஆனால் அது 900 மீட்டருக்கு மேலான பீடபூமி. சேலத்தின் கீழடுக்குக் காற்று அதில் இல்லவே இல்லை. காபிச் செடியைப் பூக்க வைக்கும் மார்ச், ஏப்ரல் கோடைமழைக்குப் பெங்களூருவின் மேலடுக்கையும், வடகிழக்குப் பருவத்தில் காரைக்காலையும் பார்ப்பது பொருத்தம். காலை 5.30 மணி ஆய்வில் கேப் மதிப்பு (இடிமேகம் எழக் காற்றில் இருக்கும் ஆற்றல்) குறைவாக இருந்தால் இடிமழை வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சேலத்தின் எதிர்பார்க்கும் பிற்பகல் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), உதாரணமாக 37க்கு 21 என்று, தரைமட்டத்தில் வைத்து மெட்பையில் மறுபடி கணக்கிட வேண்டும். பனிநிலை 2 பாகை மாறினாலே விடை பெரிதும் மாறும். மெட்பை ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு கேட்கும். வெப்பநிலை வித்தியாசத்தைக் கூட்டும்போது டெல்டா அலகைத்தான் (வித்தியாசத்துக்கான தனி அலகு) கொடுக்க வேண்டும்.

ரேடாரில் அதிக நம்பிக்கை வேண்டாம். காரைக்கால் ரேடார் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 0.5 பாகைச் சாய்வில் புறப்படும் கற்றை சேலத்துக்கு மேல் வரும்போது ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்; சென்னையிலிருந்து வந்தால் 7 கிலோமீட்டர். சேர்வராயன் சரிவில் தாழ்வாகப் பெய்யும் தூறல் அதில் படாது. பெரிய இடிமேகத்தின் தலை மட்டும் தெரியும்.

கடைசியாக மழைமானி. இது இல்லாமல் மேலே சொன்ன எதையும் சரிபார்க்க முடியாது. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள சாதாரண மானியில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் என்றால் 1 மில்லிமீட்டர் மழை. சில்வர் ஓக் மரத்தடியிலோ மாடிச் சுவரோரமோ வைத்தால் அளவு பயன்படாது. அருகிலுள்ள தடையின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். 2.5 மில்லிமீட்டரை வரம்பாக வைத்து, சொன்னது பெய்ததா, சொல்லாமல் பெய்ததா, சொல்லியும் பெய்யவில்லையா என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள். சேலத்துக்கு ஒரு தாள், ஏற்காட்டுக்கு ஒரு தாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மதிப்பெண் போடாதீர்கள்.