ஒரே வீடா, பக்கத்துத் தெருவில் தனி வீடா?

புலம்பெயர்ந்த நாட்டில் வயதான அம்மா அப்பா எங்கே இருப்பது? முதலில் அவர்களிடமே கேளுங்கள். அப்புறம் இதைப் பாருங்கள்.

செலவு: ஒரே வீடென்றால் ஒரு வாடகை. தனி வீடென்றால் இரண்டு.

இரவில் உடம்புக்கு முடியாவிட்டால்: ஒரே வீட்டில் ஒரு குரல் போதும். தனி வீட்டில் போன்தான் துணை.

மனசு: ஒரே வீட்டில் பேரப்பிள்ளைகளோடு தாய்மொழி தினமும் புழங்கும். ஆனால் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் பேச்சுத்துணை இருக்காது. பிள்ளை பார்க்கும் வேலையும் யாரும் கேட்காமலே அவர்கள் தலையில் ஏறிவிடும். இதைப் பல வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதே இல்லை. தனி வீட்டிலோ தங்கள் சமையல், தங்கள் நேரம், தங்கள் நண்பர்கள்.

உள்ளூர் மொழி தெரியாது, உடம்பும் தளர்ந்துவிட்டது என்றால் ஒரே வீடுதான் சரி. தாங்களே பஸ் ஏறி டாக்டரைப் பார்த்து வருவார்கள் என்றால் நடக்கும் தூரத்தில் தனி வீடு.